புழுங்கலரிசியும் புள்ளியியலும்: மருத்துவச் சோதனைகளில் வெளித்தரவின் வரலாறு



புதிய மருந்தொன்று பயன் தருமா என்பதை அறிய மருத்துவ உலகம் கையாளும் முறையைப் பெரும்பாலோர் அறிவோம். நோயாளர்களை இரு குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழுவுக்குப் புதிய மருந்தையும் மற்றொரு குழுவுக்குப் பழைய மருத்துவத்தையும் அளிப்பர். பின்னர் இரண்டையும் ஒப்பிடுவர். இரண்டாவது குழுவை ஒப்பீட்டுக் குழு என்பர்.

ஆனால், அச்சோதனைக்கு வெளியேயும் அதே நோயால் துன்புறுவோர் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களைப் பற்றிய மருத்துவமனைக் குறிப்புகள் உள்ளன. முன்னாளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் உள்ளன. இவற்றை 'வெளித்தரவு' எனலாம். இந்த வெளித்தரவைச் சோதனையின் உள்தரவோடு சேர்த்துக் கணக்கிடலாமா? சேர்த்தால் எவ்வளவு நம்பலாம்? இன்றைய புள்ளியியலாளர்கள் பெரிதும் ஆராயும் வினாக்கள் இவை. இவ்வினாக்களின் வரலாற்றில் மிக முக்கியமான ஓர் இயல் நம் மலாயா மண்ணில்தான் எழுதப்பட்டது. அதில் நம் முன்னோரின் சோற்றுப் பானையும் ஒரு சாட்சியாக நின்றது. அந்த வரலாற்றை இங்கே எழுத விழைகின்றேன்.

இரு கப்பல்கள்

பெரிபெரி என்பது கால்களை மரத்துப்போகச் செய்து, உடலை வீங்க வைத்து, இறுதியில் இதயத்தை நிறுத்திவிடும் கொடிய நோய். அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட ஆசிய நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது பெருகியது. நீராவி ஆலைகளில் தவிடு முற்றும் நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசி எங்கும் பரவிய காலமும் அதுவே. ஆயினும் அன்று இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தோர் மிகச் சிலரே. நோய்க் கிருமிகள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டு வந்த காலமாதலால், பெரிபெரிக்கும் ஒரு கிருமியே காரணமாக இருக்கும் எனப் பலர் நம்பினர்.

ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தக்காகி கனேஹிரோ உணவின்மீது ஐயம் கொண்டார். 1883-ஆம் ஆண்டு நெடும்பயணம் முடித்துத் திரும்பிய 'ரியூஜோ' என்னும் போர்க்கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டிருந்தது. 25 பேர் மாண்டிருந்தனர். மறு ஆண்டு 'த்சுகுபா' என்னும் கப்பலை ஏறத்தாழ அதே வழியில் அனுப்பச் செய்தார் தக்காகி. உணவை மட்டும் மாற்றினார். இறைச்சியும் பாலும் பிற தானியங்களும் சேர்க்கப்பட்டன. பயணம் முடிந்தபோது நோயுற்றோர் ஏறத்தாழப் பதினைவர் மட்டுமே. ஒருவரும் இறக்கவில்லை.

இங்கே ஒப்பீட்டுக் குழு எது? முந்திய ஆண்டில் சென்று வந்த வேறொரு கப்பல். அதாவது, த்சுகுபா பயணத்திற்கு ரியூஜோவின் பதிவேடு ஒரு வெளித்தரவு. ஒரே காலத்தில் இரு குழுக்களை அமைக்காமல், கடந்தகாலத்தையே ஒப்பீட்டுக் குழுவாக வைத்த ஆய்வு இது. கடற்படை இதனை ஏற்றது. அங்கே நோய் விரைவில் ஒடுங்கியது. ஜப்பானியத் தரைப்படையின் மருத்துவர்களோ இதனை ஏற்கவில்லை. 1904, 1905-ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவுடன் நடந்த போரில் வெள்ளைச் சோறு உண்ட தரைப்படையினர் ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்கு இரையாயினர்.

வெளித்தரவு உண்மையைச் சொன்னாலும், அதனை ஏன் நம்ப வேண்டும் என்று நிறுவிக் காட்ட அன்று எந்தக் கணக்குமுறையும் இல்லை. எனவே நம்ப விரும்பியவர்கள் நம்பினர். விரும்பாதவர்கள் கப்பல் வேறு, ஆண்டு வேறு என்று ஒதுக்கினர்.

மூன்று இனத்தார், மூன்று வகை அரிசி

மலாயாவில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி தாண்டவமாடியது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் பிராடன் ஒரு வேறுபாட்டைக் கண்டார். சீனத் தொழிலாளர்களை இந்நோய் கொத்துக் கொத்தாகத் தாக்கியது. தமிழர்களிடையே அஃது அரிதாக இருந்தது. கிராமங்களில் வாழ்ந்த மலாய்க்காரர்களிடையேயும் அரிதாகவே இருந்தது.

பிராடன் அவர்தம் உணவைக் கவனித்தார். சீனர்கள் சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த தீட்டிய பச்சரிசியை உண்டனர். மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டனர். தமிழர்களோ இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியை உண்டனர். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னர் குத்தி எடுப்பது புழுங்கலரிசி என்பது நாம் அறிந்ததே. அவ்வாறு அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. இதனைப் பிற்கால அறிவியல்தான் கண்டது. நம் பாட்டிமார்கள் பெரிபெரியைத் தடுக்க வேண்டுமென்று நெல் அவிக்கவில்லை. வழிவழி வந்த வழக்கம், அவ்வளவே.

இதனைக் கொண்டு தமிழர் வாழ்வு அன்று நலமாக இருந்தது என எவரும் எண்ணிவிடலாகாது. தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் நம் மக்களை வாரிக்கொண்டு சென்ற காலம் அது. பெரிபெரி ஒன்றுதான் அவர்களை ஓரளவு விட்டுவைத்தது.

பிராடன் தம் கருத்தை 1907-ஆம் ஆண்டு ஒரு பெருநூலாக வெளியிட்டார். அரிசிதான் காரணம் என்பதில் அவர் சரியாகவே இருந்தார். ஆனால், பழைய அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது தவறு. நஞ்சு இருந்ததால் நோய் வரவில்லை. சத்து இல்லாததால் வந்தது.

அவருடைய சான்றுகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. தமிழரும் சீனரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டனர்? வேலை வேறு, குடியிருப்பு வேறு, குடிநீர் வேறு, அரிசியோடு உண்ட பிற உணவும் வேறு. நோய் வேறுபாட்டிற்கு இவற்றுள் எது காரணம் என எவ்வாறு பிரித்தறிவது? வெளித்தரவு எவ்வளவு பெரிதாக இருப்பினும் இந்தக் கேள்வி அதனை விட்டு அகலாது. புள்ளியியலார் இதனைக் குழப்பும் காரணி என்பர்.

இதே காலத்தில் ஜாவாத் தீவில் அடோல்ஃப் வோர்டர்மேன் என்பார் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கப்பட்ட சிறைகளில் ஏறத்தாழ நாற்பதில் ஒருவருக்கு நோய். தவிடு நீங்காத அரிசி வழங்கப்பட்ட சிறைகளில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கே நோய். பத்தாவியாவில் கிறிஸ்தியான் எய்க்மன் கோழிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு மனிதருக்கும் பொருந்துமா என்பதை அறியவே இக்கணக்கு எடுக்கப்பட்டது. சோதனைத் தரவும் வெளித்தரவும் கைகோத்த ஒரு தொடக்ககால நிகழ்வு இது. எய்க்மனுக்கு 1929-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது.

கோலாலம்பூரில் நடந்த சோதனை

1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அங்கே வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் பிராடனின் கருத்தைச் சோதிக்க முற்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் காப்பகத்தில் இருந்தோர் அனைவரையும் வரிசையாக நிறுத்தி எண்ணிடச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு கட்டடத்திற்கும், இரட்டைப்படை எண் பெற்றவர்கள் அதற்கு எதிரே இருந்த அதே அமைப்புடைய மற்றொரு கட்டடத்திற்கும் அனுப்பப்பட்டனர். முதல் குழுவினருக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரண்டாம் குழுவினருக்கு வங்காளத்திலிருந்து வந்த புழுங்கலரிசி. மற்ற உணவு யாவும் ஒன்றே. நோய் கட்டடத்தைச் சார்ந்ததோ என்னும் ஐயத்தைப் போக்க, இடையில் இரு குழுவினரையும் கட்டடம் மாற்றியும் வைத்தார்.

1906-ஆம் ஆண்டு முழுவதும் சோதனை நடந்தது. ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 120 பேர். பச்சரிசி உண்ட குழுவில் நான்கில் ஒரு பங்கிற்குக் குறையாதோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட குழுவில் பெரிபெரி காணப்பட்டது இருவரிடம் மட்டுமே. அவ்விருவரும் காப்பகத்திற்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அக்குழுவில் பெரிபெரியால் இறந்தவர் எவருமிலர். 1907-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளிவந்தது.

அன்பர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். அந்தப் பதினெண்மர் எவர்? மனநலம் குன்றி, சுவருக்குள் அடைபட்டு, தம் ஒப்புதலைக் கேட்கவும் எவரும் இல்லாத மனிதர்கள். இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனையை ஒருபோதும் ஏற்காது. அதே வேளையில், பிராடனின் தரவு மட்டும் இருந்திருந்தால் மருத்துவ உலகம் நம்பியிருக்குமா? ஜப்பானியத் தரைப்படை நம்பவில்லை என்பதைப் பார்த்தோம். வெளித்தரவை முற்றும் நம்பினால் தவறான முடிவால் பலர் சாகலாம். முற்றும் புறக்கணித்தால், ஏற்கெனவே ஓரளவு தெரிந்த ஒன்றை மீண்டும் நிறுவுவதற்காக ஒப்பீட்டுக் குழுவில் சிலர் சாகலாம். இரண்டுக்கும் இடையே எங்கு நிற்பது? பின்வந்த நூறாண்டுப் புள்ளியியலின் ஒரு பெரும்பகுதி இவ்வொரு வினாவுக்கு விடை தேடுவதாகவே அமைந்தது.

பிளெட்சரைத் தொடர்ந்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டேன்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்துவந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதனை மீண்டும் சோதித்தனர். முடிவு மாறவில்லை. 1910-ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என்று அறிவித்தது. கோழிக்கூடு, சிறைப் பதிவேடு, காப்பகம், சாலைத் தொழிலாளர் முகாம் எனப் பல திசைகளிலிருந்து வந்த சான்றுகள் அறிஞர்தம் மனத்தில் ஒன்றுசேர்ந்தன. மனத்தில்தான் சேர்ந்தனவேயன்றிக் கணக்கில் சேரவில்லை.

கணக்கில் சேர்க்கும் முதல் முயற்சி

கணக்கில் சேர்க்கும் வேலையை இலண்டனில் கார்ல் பியர்சன் முன்னரே தொடங்கியிருந்தார். அல்ம்ரோத் ரைட் உருவாக்கிய குடற்காய்ச்சல் தடுப்பூசி, தென்னாப்பிரிக்கப் போரிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படையினருக்குப் போடப்பட்டிருந்தது. அது பயன் தந்ததா என்று ஆராயும்படி பியர்சனிடம் பல படைப்பிரிவுகளின் எண்ணிக்கைகள் தரப்பட்டன. ஒவ்வொரு பிரிவின் தரவும் தனித்தனியே சிறியது. ஆகவே ஒவ்வொன்றிலும் தடுப்பூசிக்கும் நோய்த் தடுப்புக்கும் உள்ள தொடர்பின் அளவைக் கண்டு, அவற்றின் சராசரியை எடுத்தார். 1904-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த அறிக்கையைப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணிக்கும் முறைக்கு ஒரு முன்னோடியாகக் கூறுவர்.

பியர்சன் கண்ட முடிவைவிட அவர் கொண்ட ஐயமே நமக்கு இங்கு முக்கியம். பிரிவுக்குப் பிரிவு முடிவுகள் பெரிதும் மாறுபட்டன. மேலும், தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் இயல்பிலேயே தம் உடல்நலத்தில் மிகுந்த அக்கறை கொண்டவர்களாக இருக்கலாம் அல்லவா? எனவே அவர் ஒரு வழி சொன்னார்: முன்வருவோரின் பட்டியலை எழுதி, ஒருவரை விட்டு ஒருவருக்கு ஊசி போட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் ஏறத்தாழ அதே முறை கையாளப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரே மருந்து, இரு முடிவுகள்

1948-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோய்க்குச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஆஸ்டின் பிராட்போர்ட் ஹில் வகுத்த திட்டத்தின்படி, எவர் எக்குழுவில் சேர்வது என்பதைச் சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்தன. 107 நோயாளர், மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தோர் 4, பெறாத 52 பேரில் இறந்தோர் 14. இக்காலச் சமவாய்ப்புச் சோதனைகளுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாக நிலைத்துவிட்டது.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதே மன்றம் அதே மருந்தை மூளையுறைக் காசநோய்க்கும் அந்நாளிலேயே சோதித்தது. அச்சோதனையில் ஒப்பீட்டுக் குழு அமைக்கப்படவில்லை. ஏன்? அந்நோய் கண்டவர் பிழைப்பது மிக மிக அரிது என்பது அதுவரையிலான மருத்துவப் பதிவுகள் அனைத்திலும் தெளிவாக இருந்தது. அந்நிலையில் ஒரு குழுவுக்கு மருந்தை மறுப்பது சாகவிடுவதற்கு ஒப்பாகும். ஆகவே கடந்தகாலப் பதிவுகளையே ஒப்பீடாகக் கொண்டனர்.

நுரையீரல் காசநோயின் போக்கு ஆளுக்கு ஆள் மாறும்; சிலர் தாமாகவே தேறுவர். அங்கே வெளித்தரவு போதாது. மூளையுறைக் காசநோயின் போக்கு ஏறத்தாழ மாறாதது. அங்கே வெளித்தரவு போதும். வெளித்தரவை ஏற்பதா மறுப்பதா என்பது நோயின் தன்மையைப் பொறுத்தது என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

வெளித்தரவு ஏமாற்றிய இடங்கள்

பின்னாளில் எல்லோரும் இத்தெளிவோடு நடந்துகொள்ளவில்லை. 1982-ஆம் ஆண்டு ஹென்றி சாக்ஸ், தாமஸ் சால்மர்ஸ், ஹாரி ஸ்மித் ஆகிய மூவரும் ஆறு வகை மருத்துவங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தனர். பழைய நோயாளர்களை ஒப்பீடாகக் கொண்ட 56 ஆய்வுகளில் 44 ஆய்வுகள், அதாவது 79 விழுக்காடு, புதிய மருத்துவமே சிறந்தது என்றன. சமவாய்ப்பு முறையில் நடந்த 50 ஆய்வுகளில் 10 மட்டுமே, அதாவது 20 விழுக்காடு மட்டுமே, அவ்வாறு கூறின. மருத்துவங்கள் அதே ஆறுதான். காலப்போக்கில் செவிலியர் பணியும் நோயறியும் கருவிகளும் மேம்படுகின்றன. ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரும் வலுவானவர்களாக இருக்கின்றனர். இவற்றால் வந்த நன்மையெல்லாம் புதிய மருந்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அளிக்கப்பட்ட இயக்குநீர் மருத்துவமும் இத்தகையதே. அதனை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று அமெரிக்கச் செவிலியர்களிடையே நடந்த பெரும் கணக்கெடுப்புக் காட்டியது. 16,608 பெண்கள் பங்கேற்ற சமவாய்ப்புச் சோதனை 2002-ஆம் ஆண்டு இடையில் நிறுத்தப்பட்டது. இதயநோயும் பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் மருந்து உண்டோரிடையே கூடுதலாக இருந்தன. பின்னர் 2008-ஆம் ஆண்டு மிகேல் ஹெர்னான் முதலியோர் அதே செவிலியர் தரவை, ஒரு சோதனை நடந்திருந்தால் எவ்வாறு கணக்கிடுவோமோ அவ்வாறு, மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களை அந்நாளிலிருந்து எண்ணிக் கணக்கிட்டனர். முரண்பாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அத்தரவு பயனற்றது அன்று. அதனிடம் கேட்ட கேள்விதான் சரியாக அமையவில்லை.

எவ்வளவு நம்புவது? ஓர் எளிய கணக்கு

1976-ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் போக்காக் என்னும் பிரிட்டிஷ் புள்ளியியலாளர், பழைய ஒப்பீட்டுக் குழுவை எப்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆறு நிபந்தனைகளை வகுத்தார். அவை:

1. பழைய குழுவினர் பெற்ற மருத்துவம், புதிய ஒப்பீட்டுக் குழுவின் மருத்துவத்தோடு ஒத்திருக்க வேண்டும்.
2. அவர்கள் அண்மைக்கால ஆய்வொன்றில், அதே தகுதி வரையறைகளோடு சேர்க்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.
3. பயனை அளக்கும் முறை ஒன்றாக இருக்க வேண்டும்.
4. அகவை, நோயின் கடுமை போன்ற முக்கியக் கூறுகள் ஒத்திருக்க வேண்டும்.
5. ஆய்வை நடத்திய நிறுவனமும் பெரும்பாலும் மருத்துவர்களும் மாறாதிருக்க வேண்டும்.
6. முடிவுகள் வேறுபடும் என எண்ண வேறு காரணம் எதுவும் இருத்தலாகாது.

இவற்றை மனத்தில் கொண்டு பிராடனின் தரவைப் பார்த்தால், அது நான்காம் நிபந்தனையிலேயே தடுக்கி விழும்.

போக்காக் இதனோடு நிற்கவில்லை. நிபந்தனைகள் நிறைவேறினாலும் பழைய தரவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு இருக்கலாம் என்று கொண்டு, அச்சாய்வுக்கு ஏற்பப் பழைய தரவின் மதிப்பைக் குறைத்துச் சேர்க்கும் வழியைக் காட்டினார். 2000-ஆம் ஆண்டு ஜோசப் இப்ராகிம், மிங்-ஹுய் சென் ஆகிய இருவரும் இக்கருத்துக்கு வேறொரு பொதுவான வடிவம் தந்தனர். வெளித்தரவுக்கு 0 முதல் 1 வரை ஓர் எடைமதிப்பை அளிக்கலாம். 0 என்றால் முற்றும் புறக்கணிப்பு. 1 என்றால் உள்தரவுக்கு ஈடான நம்பிக்கை.

ஐந்தாம் ஆறாம் வகுப்புக் கணிதத்திலேயே இதன் உட்பொருளைப் பிடித்துவிடலாம். பின்வருவது விளக்கத்திற்காக அமைத்த கணக்கு. ஒரு சோதனையில் புதிய மருந்து பெற்ற 80 பேரில் 32 பேர் குணமடைந்தனர். அது 40 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவின் 40 பேரில் 10 பேர் குணமடைந்தனர். அது 25 விழுக்காடு. வெளியே, பழைய ஆய்வொன்றில் அதே பழைய மருத்துவம் பெற்ற 200 பேரில் 80 பேர் குணமடைந்துள்ளனர்.

எடைமதிப்பு 0 எனில், ஒப்பீடு 25 விழுக்காடாகவே நிற்கும். புதிய மருந்தின் மேன்மை 15 புள்ளிகள்.

எடைமதிப்பு 1 எனில், 10-ஐயும் 80-ஐயும் கூட்டி 240 பேரில் 90 என்போம். ஒப்பீடு 37.5 விழுக்காடாக உயரும். மேன்மை வெறும் 2.5 புள்ளிகளாகச் சுருங்கும்.

எடைமதிப்பு 0.1 எனில், அந்த 200 பேரை 20 பேராகவும் 80 பேரை 8 பேராகவும் மதிப்போம். 60 பேரில் 18; ஒப்பீடு 30 விழுக்காடு. மேன்மை 10 புள்ளிகள்.

எண்கள் மாறவில்லை; நம்பிக்கையின் அளவு மாற மாற முடிவு மாறுகிறது. ஆகவே, எடைமதிப்பைச் சோதனைக்கு முன்னரே அறிவித்துவிட வேண்டும் என்பது நெறி. முடிவைப் பார்த்த பின் எடையைத் தேர்ந்தெடுப்பது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்வித்தாள் எழுதுவதைப் போன்றது. உள்தரவும் வெளித்தரவும் ஒத்திருந்தால் எடை தானே கூடவும், முரண்பட்டால் தானே குறையவும் அமைந்த முறைகளும் இன்று வழக்கில் உள்ளன. மேற்கண்ட கணக்கில் 25-க்கும் 40-க்கும் உள்ள இடைவெளியே ஓர் எச்சரிக்கைதான்.

மற்றொரு வழியையும் குறிப்பிட வேண்டும். 1983-ஆம் ஆண்டு பால் ரோசன்பாம், டொனால்டு ரூபின் ஆகியோர், அகவை, பால், நோயின் கடுமை போன்ற பல கூறுகளை ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கி, ஒத்த மதிப்பெண் உடையோரை ஒருவரோடொருவர் ஒப்பிடும் முறையை வகுத்தனர். வெளியிலுள்ள ஆயிரம் பேரில், சோதனையில் உள்ளவர்களை ஒத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்க இது துணை செய்கிறது. ஆனால், பதிவேட்டில் எழுதப்படாத வேறுபாட்டை இம்முறையாலும் சரிசெய்ய இயலாது.

பச்சிளங் குழந்தைகள்

கோலாலம்பூரில் எழுந்த அறச்சிக்கல் எண்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எழுந்தது. மூச்சுவிட இயலாது பிறக்கும் குழந்தைகளின் குருதியை உடலுக்கு வெளியே எடுத்து, உயிர்வளி ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி அமெரிக்காவில் உருவாகியிருந்தது. பழைய மருத்துவத்தில் இத்தகைய குழந்தைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இறந்துவிடுவர் என்று பதிவேடுகள் கூறின. 1985-ஆம் ஆண்டு மிச்சிகனில் இராபர்ட் பார்ட்லெட் குழுவினர் வெளியிட்ட சோதனையில், வெற்றி பெறும் சிகிச்சைக்கே அடுத்த குழந்தை செல்லும் வாய்ப்புக் கூடும்படி விதி அமைத்திருந்தனர். விளைவு: கருவி பெற்ற 11 குழந்தைகளும் பிழைத்தன, பழைய மருத்துவத்திற்குச் சென்றது ஒரே ஒரு குழந்தை, அது இறந்தது.

ஒரு குழந்தையை ஒப்பீட்டுக் குழு என்று கொள்ளலாமா எனப் பெரும் வழக்காடல் நிகழ்ந்தது. வெளித்தரவை நம்பியோர் போதும் என்றனர். நம்பாதோர் மீண்டும் சோதனை வேண்டும் என்றனர். பிரிட்டனில் 185 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1996-இல் வெளிவந்தது. கருவி மருத்துவத்திற்கு ஒதுக்கப்பட்ட 93 பேரில் 30 பேர் இறந்தனர். பழைய மருத்துவத்திற்கு ஒதுக்கப்பட்ட 92 பேரில் 54 பேர் இறந்தனர்.

கருவியே சிறந்தது என்னும் முடிவில் வெளித்தரவு பொய்க்கவில்லை. ஆனால், அளவில் வேறுபாடு இருந்தது. பழைய பதிவேடுகள் 80 விழுக்காடு என்றன. பிரிட்டனின் சமகாலக் குழுவில் இறந்தோர் ஏறத்தாழ 59 விழுக்காடு. காலமும் இடமும் தேர்வுமுறையும் மாறும்போது எண்களும் மாறிவிடுகின்றன. இந்த வேறுபாட்டைத் துல்லியமாக அறிய நாம் கொடுத்த விலை எத்தகையது என்பதை அந்த 54 பெற்றோர்கள் அறிவர்.

இன்றைய நிலை

அரிய நோய்களில் ஒப்பீட்டுக் குழு அமைக்கப் போதிய நோயாளரே கிடைப்பதில்லை. குழந்தைகளின் மூளையைச் சிதைக்கும் பேட்டன் நோயின் ஒரு வகைக்கான மருந்து 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருந்து பெற்ற குழந்தைகள் இருபதுக்குச் சற்றே மேல். அவர்களை ஒப்பிட்டது, மருந்தின்றி நோய் எவ்வாறு முற்றுகிறது என்று முன்பே பதிவு செய்யப்பட்டிருந்த 42 குழந்தைகளோடு. அந்த 42 பேரின் குடும்பத்தினர் தம் பிள்ளைகள் நடை இழந்ததையும் பேச்சு இழந்ததையும் பதிய இசைந்திராவிடில், பின்வந்த பிள்ளைகளுக்கு அம்மருந்து அவ்வளவு விரைவில் கிடைத்திராது.

2016-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவமனைப் பதிவேடு போன்ற வெளித்தரவுகளையும் மருந்து ஒப்புதலில் ஆராயுமாறு அந்நாட்டு உணவு மருந்து நிருவாகத்தைப் பணித்தது. 2023-ஆம் ஆண்டு அந்நிருவாகம், சோதனைக்கு வெளியே உள்ளவர்களை ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்வது பற்றி ஒரு வரைவு நெறிமுறையை வெளியிட்டது. அதில் எச்சரிக்கைகளே மிகுதி. போக்காக் 1976-இல் எழுப்பிய கேள்விகளின் எதிரொலியை அதில் கேட்கலாம்.

முடிவாக

மருத்துவமனைக்குச் செல்லும்போது, "உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டுகின்றனர். பலரும் படிக்காமலே கையொப்பமிடுகின்றனர். சிலர் அஞ்சி மறுக்கின்றனர். அப்படிவத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ஐயமிருப்பின் கேளுங்கள். நம் குறிப்பு சரியாகப் பதியப்பட்டிருந்தால், நாளை ஏதோ ஓர் ஆய்வில் பழைய மருத்துவத்திற்கு ஒதுக்கப்படும் ஒருவரின் இடத்தை அது நிரப்பக்கூடும்.

நூறாண்டுகளுக்கு முன் தோட்டத்து லயங்களில் புழுங்கலரிசிச் சோறு பொங்கிய நம் பாட்டிமார்களிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. தாங்கள் ஒரு பெரிய ஆய்வின் தரவு என்பதும் அவர்களுக்குத் தெரியாது. காப்பகத்தில் மாண்ட பதினெண்மரிடமும் எவரும் கேட்கவில்லை. இன்று நம்மிடம் கேட்கின்றனர். அறிந்து விடை சொல்வோம்.

பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், உயிர்ச்சத்துப் பாடம் வரும்போது எய்க்மனின் கோழிகளோடு நிறுத்திவிடாமல், கோலாலம்பூர்க் காப்பகத்தின் கதையையும் மாணவர்களுக்குச் சொல்லுமாறு வேண்டிக்கொள்கின்றேன். அது நம் நாட்டுக் கதை.